யமுனாவுக்கு ஒரு அனாதைச் சான்றிதழ்

எங்கள் இல்லத்துப் பிள்ளைகளுக்கு லட்டு பிடிக்காது. இதை வெளியில் சொன்னால் என்னை அடிக்க வருவார்கள். ஊர் உலகமே வரிசையில் நின்று வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் லட்டு. ஆனால் திருப்பதியில் மொட்டை போட்டுவிட்டு, சென்னையில் விமானம் ஏறப் போகிற வழியில் எங்களிடம் இறங்கி மிச்சப் புண்ணியத்தையும் சேர்த்துக்கொள்கிறவர்கள் எல்லாரும் லட்டோடுதான் வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஐந்து கார் வந்தால் ஐந்து பை. பிள்ளைகள் வாங்கிக்கொண்டு, "தேங்க் யூ அங்கிள், தேங்க் யூ ஆன்ட்டி" என்று பாடிவிட்டு, இதையும் தின்றே ஆக வேண்டுமா என்று என்னைப் பார்க்கும். நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

என் பேர் தாட்சாயணி. ஆந்திராவில், புத்தூரிலிருந்து திருப்பதி போகிற ரோட்டில் இருக்கும் ஸ்ரீ அபய வாத்சல்ய நிலையத்தில், அது தகரக் கொட்டகையாக இருந்த நாளிலிருந்து வார்டன். நிலையத்தை ஆரம்பித்தவர் கோவர்த்தனன். குப்பம் பக்கம் கிரானைட் வெட்டிக் கப்பலேற்றிச் சம்பாதித்தவர். நாற்பத்தைந்து வயதில் நெஞ்சுவலி வந்து பிழைத்ததும் கல்லை விட்டுவிட்டுப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனுஷன்தான். எங்கள் பிள்ளைகள் பட்டினி கிடந்த நாள் ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் அவருக்கு இரண்டு வியாதி. ஒன்று சட்டம் போடுவது, இன்னொன்று கதை சொல்வது. பின்னால் நடந்த அத்தனை கூத்துக்கும் இந்த இரண்டும்தான் காரணம். மூன்றாவது காரணம் நான்.

அவர் போட்ட முதல் சட்டம், அப்பாவோ அம்மாவோ இருக்கிற பிள்ளையைச் சேர்க்கக் கூடாது. இரண்டாவது சட்டம், நிலையத்தில் வேலை செய்கிற எல்லாப் பெண்களையும் பிள்ளைகள் அம்மா என்றுதான் கூப்பிட வேண்டும். தாயில்லாத குறை தெரியக் கூடாதாம். அதனால் நான் வார்டன் அம்மா. துணி துவைக்கிறவள் துணி அம்மா, பெருக்குகிற மல்லிகா பெருக்கும் அம்மா, சமைக்கிறவள் சமையல் அம்மா. வெளியில் சில பிள்ளைகளுக்கு ஒரு அம்மா கிடைப்பதே கஷ்டமாக இருக்கிறது. எங்களிடம் ஆளுக்கு நாலு.

தொண்ணூற்றிரண்டில் சத்தியவேடு பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பெண் வந்தாள். இடுப்பில் ஒரு வயதுப் பெண் குழந்தை. புருஷன் பேர் கருப்பன். பெங்களூரில் மாடி மாடியாகக் கட்டத் தொடங்கியபோது சென்ட்ரிங் வேலைக்குப் போனவன், அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். ஊரில் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது.

"நான் கூலிக்குப் போனா இத்த பாத்துக்க ஆளில்ல மேடம். இத்த மட்டும் சேத்துக்கோங்க" என்றாள்.

நான் சட்டத்தைச் சொன்னேன். "அம்மா நீ இருக்கிறியே. யாரும் இல்லாத புள்ளையத்தான் சேப்போம்."

அவள் கொஞ்ச நேரம் எங்கள் போர்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். படிக்கத் தெரியாதவள். பிறகு, "யாரும் இல்லன்னா சேப்பீங்களா?" என்று கேட்டாள். எனக்கு அன்றைக்கு ஏகப்பட்ட வேலை. "சேப்போம், போ" என்றேன்.

பத்து நாள் கழித்து, விடிகிற நேரத்தில் கேட்டுக்கு வெளியே அந்தக் குழந்தை உட்கார்ந்திருந்தது. தலைக்கு எண்ணெய் தேய்த்து வாரி, கண்ணுக்கு மையிட்டு, கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட். கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு. வேண்டாமென்று விட்டுப்போகிற பிள்ளைக்கு யாராவது திருஷ்டிப் பொட்டு வைப்பார்களா? எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அனாதையாக இருந்தால்தான் சேர்ப்போம் என்றேன், அவள் அனாதையாக்கிக் கொண்டுவந்து வைத்துவிட்டாள். ரிஜிஸ்டரில், "கேட் அருகே கண்டெடுக்கப்பட்டது, பெற்றோர் தெரியவில்லை" என்று என் கையாலேயே எழுதினேன். யமுனா என்று பேரும் வைத்தேன்.

மூன்றாம் நாள் அந்தப் பெண் சமையல் வேலை கேட்டு வந்தாள். மணியம்மா என்று பேர் சொன்னாள். இரண்டு பேரும் அப்போதுதான் முதல்முறை பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டோம். பழைய சமையல்காரி அந்த வாரம்தான் என்னோடு சண்டை போட்டுக்கொண்டு போயிருந்தாள். அது ஒரு சாக்கு. வேலை கொடுத்தேன்.

அதற்குப் பிறகு பதினைந்து வருஷம் மணியம்மா நாற்பது பிள்ளைகளுக்கும் சமையல் அம்மா. யமுனாவும் மற்றவர்களோடு சேர்ந்து அவளை அம்மா என்று கூப்பிட்டாள். அந்த ஒரு பிள்ளை மட்டும் உண்மையைச் சொல்கிறது என்பது மூன்றாவது ஆளுக்குத் தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக மணியம்மா செய்ததுதான் எனக்கு வயிற்றெரிச்சல். புதன்கிழமை முட்டை போடுகிற நாள். குண்டானில் கையை விட்டுத் துழாவி, இருப்பதிலேயே சின்ன முட்டையை எடுத்து யமுனா தட்டில் வைப்பாள். சாம்பாரில் காய் குறைவாக விழுகிற தட்டும் அதுதான். தீபாவளிக்குத் துணி வந்தால் நிறம் மங்கிய பாவாடை அவளுக்கு. "சமையல் அம்மாவுக்கு உன்னக் கண்டாலே ஆகாது" என்று மற்ற பிள்ளைகள் யமுனாவைக் கிண்டல் செய்யும்.

யமுனாவுக்கு எப்போது தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. எட்டாவது படிக்கும்போது ஒரு புதன்கிழமை, "என்னடி, இன்னிக்கும் சின்ன முட்டைதானா?" என்று கேட்டேன். "எனக்கு சின்ன முட்டைதாம்மா புடிக்கும்" என்றாள். சொல்லிவிட்டுச் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள்.

இதற்கிடையில் கோவர்த்தனன் சாருடைய இரண்டாவது வியாதி முற்றிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கத்துப் பையன்கள் கம்ப்யூட்டர் படித்துக் கூட்டம் கூட்டமாக அமெரிக்கா போனார்கள். போனவர்களுக்குச் சம்பளம் வந்தது, கூடவே மனசில் ஒரு உறுத்தலும் வந்தது. அதை இறக்கிவைக்க இடம் தேடியவர்களுக்கு சார் வருஷாவருஷம் புத்தகம் போட்டு அனுப்பினார். பிள்ளைகள் வளர வளர, அவர்கள் கிடைத்த கதையும் வளர்ந்தது. முதல் புத்தகத்தில் யமுனா கேட் அருகே கிடைத்தாள். நாலு வருஷம் கழித்து சந்திரகிரிக் கோட்டை வாசலில், மூங்கில் கூடையில் கிடைத்தாள். அதற்கும் பிறகு தடாவில், கொட்டும் மழையில், லாரிச் சக்கரத்துக்கு ஒரு அடி தூரத்தில் கிடைத்தாள்.

"ஏன் சார், குழந்தை நம்ம கேட்டுலதானே கிடைச்சது?" என்று கேட்டேன்.

"கேட்டுன்னு எழுதினா யாரும்மா அழுவாங்க?" என்றார்.

அவர் சொன்னதும் தப்பில்லை. கோட்டை வாசல் கதைக்கு எங்களுக்கு ஒரு மாடி கிடைத்தது. லாரிக் கதையைப் படித்துவிட்டு நியூஜெர்சியிலிருந்து ஹரிபிரசாத் என்பவர் சோலார் ஹீட்டர் வாங்கிக் கொடுத்தார். அவரும் அவர் மனைவி காவ்யாவும் நேரில் வந்து யமுனாவைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். மணியம்மாதான் அவர்களுக்குக் காபி கொண்டுவந்தாள். "இப்படி ஒரு குழந்தைய ரோட்ல போட்டுட்டுப் போக எப்படித்தான் மனசு வந்துச்சோ" என்று காவ்யா அவளிடமே கேட்டாள். "அதானே" என்றாள் மணியம்மா. சர்க்கரை போதுமா என்றும் கேட்டாள்.

இரண்டாயிரத்து ஏழில் யமுனா பத்தாவது பாஸ் செய்தாள். பள்ளிக்கூடத்திலேயே முதல் மார்க். இதில்தான் சிக்கல். பத்தாவது முடிந்தால் பிள்ளைகள் நிலையத்தை விட்டுப் போய்விட வேண்டும், அதுவும் சார் போட்ட சட்டம். எங்கள் பெண்கள் அதுவரை போனதெல்லாம் தடா பக்கம் புதிதாக வந்த கம்பெனிகளுக்குத்தான். விடியற்காலையில் வேன் வரும், ஏற்றிக்கொண்டு போகும். ஒரு ரூமில் பன்னிரண்டு பேர். நாலு வருஷத்தில் கண் கெட்டு, முதுகு போய், யாராவது ஒருத்தனைக் கட்டிக்கொண்டு காணாமல் போவார்கள். யமுனாவுக்கு வேறு ஒரு வழி இருந்தது. திருப்பதியில் ஒரு பாலிடெக்னிக்கில், யாருமில்லாத பிள்ளைகளுக்கென்று ஒரே ஒரு சீட்டு, ஹாஸ்டலோடு, மூன்று வருஷம். அதற்கு யமுனா அனாதைதான் என்று சர்க்கார் சான்றிதழ் தர வேண்டும். கிடைத்தால் காலேஜ், கிடைக்காவிட்டால் வேன்.

விண்ணப்பத்தை நிரப்பி, கையெழுத்துப் போட யமுனாவைக் கூப்பிட்டேன். படித்துக்கொண்டே வந்தவள் ஒரு இடத்தில் நின்றாள். தந்தை இல்லை, தாய் இல்லை என்று எழுதியிருந்த இடம். பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டாள்.

"நான் கம்பெனிக்கே போறேம்மா" என்றாள்.

"பைத்தியமாடி உனக்கு?"

"இல்லன்னு போட்டு கையெழுத்துப் போட மாட்டேன்."

சமையலறையிலிருந்து மணியம்மா கரண்டியோடு வந்து நின்றாள். அவள் ஆபீஸ் ரூமுக்குள் வந்து நான் பார்த்ததில்லை.

"போடுடி" என்றாள்.

"நீ இருக்கறப்போ இல்லன்னு எப்டி எழுதறது?"

"நான் இருக்கறது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். சர்க்காருக்கு எதுக்குத் தெரியணும்? பதினஞ்சு வருசமா சின்ன முட்டையா பொறுக்கிப் பொறுக்கிப் போட்டேனே, எதுக்கு? நீ வேன்ல ஏறி போவறதுக்கா?"

"ஒரு நாளாச்சும் பெரிசா போட்டிருக்கலாம் இல்ல?"

மணியம்மாவின் கரண்டியிலிருந்து சாம்பார் என் ரிஜிஸ்டர்மேல் சொட்டிக்கொண்டிருந்தது. பதினைந்து வருஷத்தில் அவர்கள் இரண்டு பேரும் தாயும் மகளுமாகப் பேசியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதுவும் சண்டை. பார்த்துக்கொண்டிருக்க எனக்கு வெட்கமாக இருந்தது, ஏனென்றால் அவள் இடுப்பில் பிள்ளையோடு வந்த அன்றைக்குக் கேட்டைச் சாத்தியவள் நான். யமுனா கையெழுத்துப் போட்டாள். அதற்குப் பிறகு சான்றிதழ் விசாரணை நாள்வரைக்கும் யாரோடும் பேசவில்லை.

விசாரணைக்கு வந்தவர் ரங்கையா, ரெவின்யூ இன்ஸ்பெக்டர். தெலுங்குக்காரர், தமிழும் பேசுவார். நேர்மையானவர் என்று பேர். நேர்மையானவர் என்றாலே எனக்குப் பயம், எல்லாக் காகிதத்தையும் படிப்பார்கள். அவரும் படித்தார். சார் பெருமையாக அடுக்கிவைத்திருந்த புத்தகங்களையும் விடவில்லை. படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏமண்டி சார், ஒரே பொண்ணு மூணு எடத்துல கெடச்சிருக்குது? ரிஜிஸ்டர்ல கேட்டு. இதுல கோட்டை. இதுல லாரி."

கோவர்த்தனன் சாருக்கு வேர்த்துவிட்டது. "அது வந்து, கொஞ்சம் கவித்துவமா எழுதினது."

"கவர்ன்மென்ட்டுல கவித்துவம் லேது சார்."

நல்ல வேளையாகச் சாப்பாட்டு நேரம் வந்தது. வாழையிலை போட்டு மணியம்மா பரிமாறினாள். ரங்கையா சாப்பிட்டுக்கொண்டே விசாரணையைத் தொடர்ந்தார். யமுனாவை எதிரில் நிற்கவைத்து, "ஏம்மா, உங்கம்மா மொகம் கொஞ்சமாச்சும் ஞாபகம் இருக்குதா?" என்று கேட்டார்.

கோவர்த்தனன் சார் கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கு இவ்வளவு வருஷமாக உண்மை தெரியுமா தெரியாதா என்று எனக்கு இருந்த சந்தேகம் அந்த இடத்தில் தீர்ந்தது. இந்தப் பெண் வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் சீட்டு போகும், மணியம்மா வேலை போகும், ரிஜிஸ்டரில் எழுதினவளும் போக வேண்டியதுதான்.

"ரசம் ஊத்தட்டுமா சார்?" என்றாள் மணியம்மா.

இலைமேல் நீண்ட அந்தக் கையை யமுனா பார்த்தாள். தாளிக்கும்போது தெறித்துத் தெறித்துப் புள்ளி விழுந்த கை. "லேது சார்" என்று தெலுங்கில் சொன்னாள். இல்லை என்கிற அந்தப் பொய் தமிழில் அவள் வாயில் வரவில்லை போலிருக்கிறது.

ரங்கையாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாவம்" என்றார். ரசத்தை உறிஞ்சிவிட்டு, "ஏம்மா, இன்னா போட்டு வெக்கறீங்க இத்த? எங்கம்மா வெச்ச மாதிரியே இருக்குது" என்றார். மறுபடி ஊற்றச் சொன்னார். கை கழுவிக்கொண்டு வந்ததும், "பெற்றோரைக் கண்டறிய எல்லா முயற்சிகளும் எடுக்கப்பட்டன, பலனில்லை" என்று தெலுங்கில் எழுதினார். பலனில்லை என்று எழுதும்போது மணியம்மா அவருக்கு மோர் கொண்டுவந்து வைத்தாள்.

எல்லாம் முடிந்தது என்று நான் மூச்சு விட்டபோது அவர் பேனாவை மூடவில்லை. "மூணு கதை இருக்குது பாருங்க. மேல ஆபீசர் கேட்டா நான் இன்னா சொல்லுவேன்? ஒரு சாட்சி வேணும். அந்தப் பொண்ணு வந்த வருசத்துலேர்ந்து இங்கயே இருக்கறவங்க. நீங்களும் கூடாது, ரிஜிஸ்டர் எழுதின வார்டனம்மாவும் கூடாது."

"வாட்ச்மேன் துலுக்காணம் இருந்தான்" என்றார் சார்.

"கூப்பிடுங்க."

"செத்து ரெண்டு வருஷம் ஆச்சு."

துணி துவைக்கிறவளும் மல்லிகாவும் பின்னால் வந்தவர்கள். ரங்கையாவே முகம் மலர்ந்து, "அந்த ரசம் வெச்ச அம்மா?" என்று கேட்டார்.

மணியம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பயப்படுவாள் என்று நினைத்தேன். அடுப்புமுன் நிற்கிற மாதிரியே நின்றாள்.

"பதினஞ்சு வருசத்துல இந்தப் பொண்ணத் தேடிக்கினு யாராச்சும் வந்தாங்களா?"

"தேடிக்கினு யாரும் வர்ல சார்."

"நான்தான் அம்மான்னு சொல்லிக்கினு?"

"அப்படிச் சொல்லிக்கினு இந்தக் கேட்டுகிட்ட யாரும் நின்னதில்ல சார்."

"பொய் சாட்சின்னா ஜெயில், தெரியுமில்ல?"

"நான் சொன்னதுல பொய் இல்ல சார்."

இல்லைதான். தேட வேண்டிய அவசியம் அவளுக்கு என்ன இருந்தது? வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஒரு நாள்கூட அந்தப் பிள்ளையை விட்டு அவள் எங்கும் போனதில்லை. ரங்கையா மைப் பெட்டியை நகர்த்தினார். கட்டைவிரலை நீட்டாமல், "கையெழுத்துப் போடுவேன் சார்" என்றாள் மணியம்மா. சம்பளத்துக்கு என்னிடம் கைநாட்டு வைக்கிறவள். வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். ஒவ்வொரு எழுத்தாகப் பேரை எழுதினாள். எழுத்தின் கடைசியில் வாலை நீட்டிச் சுழித்து விடுகிற பழக்கம் எங்கள் நிலையத்தில் ஒரே ஒரு பிள்ளைக்குத்தான் உண்டு.

"யாரு கத்துக் கொடுத்தது?" என்று ரங்கையா சிரித்துக்கொண்டே கேட்டார்.

"புள்ளைங்கதான் சார்" என்றாள்.

ஒரு மாதத்தில் சான்றிதழ் வந்தது. முத்திரையோடு, கூடவே விசாரணை ரிப்போர்ட்டின் நகலும். கோவர்த்தனன் சார் யமுனா கையில் அதைக் கொடுத்துப் போட்டோ எடுத்தார், அடுத்த புத்தகத்துக்காம். "இதுல எங்க சார் கிடைச்சதா எழுதப் போறீங்க?" என்று கேட்டேன். அவர் கேமராவை உறைக்குள் போட்டுக்கொண்டு போனார். யமுனா ஹாஸ்டலுக்குப் புறப்பட்ட நாள் புதன்கிழமை. காலையில் நான் அந்த ரிப்போர்ட் நகலைச் சமையலறைக்கு எடுத்துக்கொண்டு போனேன். மணியம்மா படிக்கச் சொன்னாள். தெலுங்கில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். தந்தை இல்லை. தாய் இல்லை. உரிமை கோருபவர் எவரும் இல்லை.

"என் பேரு எங்கயாச்சும் இருக்குதா மேடம்?"

பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். "இங்க இருக்கு. சாட்சி ஒண்ணு, மணியம்மா."

அவள் அதை விரலால் தடவிப் பார்த்தாள். "அவ பேரும் என் பேரும் ஒரே காயிதத்துல வந்துடுச்சு" என்றாள். எனக்கு அழுகை வந்தது. வெங்காயம் நறுக்கியிருந்தார்கள், அதனால் யாரும் கேட்கவில்லை.

மதியம் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்தன. மணியம்மா குண்டானில் கையை விட்டு வெகு நேரம் துழாவினாள். இருப்பதிலேயே பெரிய முட்டையை எடுத்து யமுனா தட்டில் வைத்தாள். பக்கத்துப் பிள்ளைகள் அதிசயமாகப் பார்த்தன. நான் அவளை முறைத்தேன்.

"இன்னா மேடம் இப்போ?" என்றாள். "அவளுக்கு அம்மா இல்லன்னு சர்க்காரே சொல்லிட்டாங்க. நான் யாரோ ஒருத்தி. யாரோ ஒருத்தி பெரிய முட்ட வெச்சா யாரு கேக்கப் போறாங்க?"

யமுனா அந்த முட்டையைத் தின்னவில்லை. இரண்டாகப் பிட்டாள். ஒரு பாதியைத் தட்டிலேயே வைத்துவிட்டு, இன்னொரு பாதியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். பிள்ளைகள் சமையலறைக்குள் போகக் கூடாது என்பதும் ஒரு சட்டம். நான் வேறு பக்கம் பார்த்தேன்.